டேட்டாபேஸ் சர்வருக்கு எத்தனை டிஸ்க் போடுவது?

"எத்தனை டெராபைட் வேண்டும்?" என்று தொடங்கினால் கணக்கு தப்பிவிடும். கொள்ளளவுக்கு 4 டிஸ்க் போதும், வேகத்துக்கோ 10 தேவைப்படும். இப்போது ஓடும் சர்வரில், வேலை நெருக்கும் நேரத்தில் ஐஓஸ்டாட்டை (டிஸ்க் வேலையை அளந்து காட்டும் கட்டளை) ஓடவிட்டு, வினாடிக்கு எத்தனை ரீட், எத்தனை ரைட் என்று குறித்துக்கொள்ளுங்கள். சராசரி உதவாது, உச்சம்தான் கணக்கு.

உச்சத்தில் 700 ரீட், 300 ரைட் என்று வையுங்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் டேட்டா தப்பும்படி வைப்பதுதான் ரெய்டு. ரெய்டு 10-இல் ஒவ்வொரு ரைட்டும் இரண்டு டிஸ்க்கில் விழும்: 700 + 600 = 1300. ரெய்டு 5-இல் பழைய டேட்டாவையும் பழைய பேரிட்டியையும் (போன டிஸ்க்கின் டேட்டாவை மீட்க உதவும் கணக்கு) படித்து, இரண்டையும் திரும்ப எழுத வேண்டும். ஒரு சின்ன ரைட்டுக்கு நான்கு வேலை: 700 + 1200 = 1900. ரெய்டு 6-இல் பேரிட்டி இரண்டு என்பதால் ஆறு வேலை: 2500. 10,000 ஆர்பிஎம் டிஸ்க் ஒன்று வினாடிக்குச் சுமார் 130 தாங்கும். ஆக முறையே 10, 15, 20 டிஸ்க். 'ரெய்டு 5 மலிவு' என்ற பேச்சு இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது.

எஸ்எஸ்டி போட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் தீரும். நெரிசல் டிஸ்க்குகளை இணைக்கும் ரெய்டு கார்டுக்கு (கன்ட்ரோலர்) இடம் மாறும். 8 சாட்டா எஸ்எஸ்டி சேர்ந்து வரிசையாகப் படித்தால் வினாடிக்கு 4.4 ஜிபி வரை வரும். கார்டைச் செருகும் பிசிஐஇ 3.0 எக்ஸ்8 (எட்டுத் தட) ஸ்லாட் கிட்டத்தட்ட 7.8 ஜிபி தாங்கும். ஆனால் பார்க்க எக்ஸ்8 போல நீளமாக இருந்து, உள்ளே எக்ஸ்4 இணைப்பு மட்டும் உள்ள ஸ்லாட்டுகள் உண்டு, அவை பாதிதான் தாங்கும். மதர்போர்டு கையேட்டைப் பார்க்காமல் கார்டைச் செருகாதீர்கள்.

கார்டில் ரைட்-பேக் கேஷ் (ரைட்டை முதலில் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு டிஸ்க்கில் எழுதுவது) இருந்தால் ரைட் பறக்கும், அதன் பேட்டரி நல்லபடி இருக்கும்வரை. பேட்டரி செத்தால் கன்ட்ரோலர் சத்தமில்லாமல் ரைட்-த்ரூவுக்கு (ஒவ்வொரு ரைட்டும் டிஸ்க்கில் விழும்வரை காத்திருப்பது) இறங்கிவிடும். 'நேற்றுவரை நன்றாக ஓடியது, இன்று திடீரென ஊர்கிறது' என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பேட்டரி இல்லாமலும் ரைட்-பேக்கைக் கட்டாயப்படுத்தும் ஆப்ஷன் இருக்கும், தொடாதீர்கள். மின்சாரம் போனால், எழுதியாயிற்று என்று டேட்டாபேஸ் நம்பிய பதிவுகள் காணாமல் போகும். பேட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டரும் ஃபிளாஷும் உள்ள கார்டு கிடைத்தால் அதையே எடுங்கள். ரெய்டு வேலையைத் தானே செய்யும் ஃபைல் சிஸ்டமான இசட்எஃப்எஸ் பயன்படுத்துபவர்களுக்கு ரெய்டு கார்டே வேண்டாம், டிஸ்க்குகளை வெறுமனே இணைக்கும் சாதாரண ஹெச்பிஏ கார்டு போதும்.

பெரிய டிஸ்க்கில் ரீபில்ட் நேரத்தையும், அதாவது போன டிஸ்க்குக்குப் பதில் போட்ட புதியதை நிரப்ப ஆகும் நேரத்தையும், கணக்கிடுங்கள். 8 டெராபைட் டிஸ்க்கை வினாடிக்கு 150 எம்பி வேகத்தில் இடைவிடாமல் நிரப்பினாலும் 15 மணி நேரம் ஆகும். வேலை ஓடும் சர்வரில் இன்னும் இழுக்கும். ரெய்டு 5-இல் அதற்குள் இன்னொரு டிஸ்க் போனால் எல்லாம் போயிற்று. ஒரு டிஸ்க்கை ஹாட் ஸ்பேராக (ஒன்று போனதும் தானாக அதன் இடத்தில் சேரும் உபரி) ஒதுக்கிவையுங்கள்.

சர்வரைப் புழக்கத்துக்கு விடுமுன் எஃப்ஐஓ என்ற சோதனை மென்பொருள் கொண்டு 8 கேபி ரேண்டம், ரீட்-ரைட் 70/30 கலவையில், கேஷைவிடப் பல மடங்கு பெரிய ஃபைலில் அரை மணி நேரம் சோதியுங்கள். சின்ன ஃபைலில் சோதித்தால் கேஷின் வேகம்தான் தெரியும். பிறகு ஒரு டிஸ்க்கை உருவி, ரீபில்ட் ஓடும்போதே அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அப்போது ரீடும் ரைட்டும் சேர்ந்து வினாடிக்கு 1000-க்குக் கீழே இறங்கினால் இன்னொரு ஜோடி டிஸ்க் சேர்க்க வேண்டும்.