வைகையில் அழகரைப் பார்க்க வருவோருக்கு

விமானச் சீட்டு எடுக்கும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர்கோயில் பெருமாளான கள்ளழகர் வைகையில் இறங்குவது சித்ரா பௌர்ணமியன்று. 2024இல் அது ஏப்ரல் 23, 2025இல் மே 12. பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்து வந்தால் வெறும் மணலைத்தான் பார்ப்பீர்கள்; ஆண்டில் பல மாதம் மதுரைக்குள் ஆறு அப்படித்தான் கிடக்கிறது. விழாவுக்கென்றே வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். ஒரு வாரம் ஒதுக்கினால் மீனாட்சி திருக்கல்யாணம், தேர், ஊருக்குள் வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, அவர் பத்து அவதாரக் கோலங்களில் காட்சி தரும் தசாவதாரம் எல்லாம் அமையும்.

அறையை, அழகர் வந்து இறங்கும் வடகரையில், தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் எடுங்கள். ரயில் நிலையமும் மீனாட்சி கோயிலும் தென்கரையில் இருப்பதால் பலரும் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். முந்தின நாள் இரவே போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள், ஆட்டோ கிடைக்காது. அப்புறம் ஆல்பர்ட் விக்டர் பாலத்தை நெரிசலோடு நடந்தே கடக்க வேண்டும்.

தங்கக் குதிரையில் அழகர் ஆற்றில் இறங்குவது விடிகாலை ஆறு மணியை ஒட்டி. இடம் பிடிக்க நள்ளிரவுக்கே போகவேண்டும். 2022இல் இந்த நெரிசலில் இருவர் இறந்தார்கள். ஆகவே கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் அந்நேரம் ஆற்றுக்குள் இறங்கவே கூடாது. அவர்களை முந்தின நாள் மூன்றுமாவடி எதிர்சேவைக்கு அழைத்துப் போங்கள். அழகர் நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில், அதாவது வழியில் அவரை நிறுத்தி வழிபடும் இடங்களில், நின்று நின்றுதான் வருகிறார். ஏதாவது ஒன்றின் அருகே நிழலில் காத்திருந்தால் முகத்துக்கு நேரே தரிசனம் கிடைக்கும். எங்களைக் கேட்டால் ஆற்றங்கரையைவிட அதுவே நிறைவு.

வெறுங்கையோடு நிற்க மனமில்லாதவர்கள் சர்க்கரைச் செம்பு எடுக்கலாம். பித்தளைச் செம்பில் நாட்டுச் சர்க்கரையை நிரப்பி, வாயை வாழையிலையால் மூடிக் கட்டி, மேலே சூடம் ஏற்றிக் காட்டுவார்கள். இலை வாடியிருந்தால் சூடு பட்டு ஓட்டை விழும், சர்க்கரை கருகும். பச்சை இலையாக வாங்கி இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். பிறகு அந்தச் சர்க்கரையைச் சுற்றியிருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம்.

தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுவோர் வழியெங்கும் வருவார்கள். கைப்பேசியையும் கடவுச்சீட்டையும் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், அல்லது கடவுச்சீட்டை அறையிலேயே பூட்டிவையுங்கள். தங்கச் சங்கிலி வேண்டவே வேண்டாம். கூட்டத்தில் சிக்னல் போய்விடும். ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாகக் கையில் வைத்திருங்கள். பிரிந்துபோனால் சந்திக்க ஓர் இடத்தை முன்பே பேசிவையுங்கள்.

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் இரவு ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம் விடிய விடிய நடக்கும். பகலில் தூங்கிவிட்டுப் போங்கள்.