பூனை தட்டைப் பார்த்துச் சீறினால் வாயைப் பாருங்கள்

எங்கள் பூனையின் பெயர் கவுனி. கவுனி அரிசி மாதிரிக் கருப்பு; வெயிலில் பார்த்தால் கொஞ்சம் செம்மை ஓடும். கோட்டையூரில் நான் பலகாரம் போட்டு விற்கிறேன். சீப்புச் சீடை, மணகோலம், தேன்குழல் என்று காலையிலிருந்து அடுப்பு எரியும். மதியம் அடுப்பை அணைத்ததும் கவுனிக்கு மீன் வேகவைத்து வைப்பேன். தட்டுச் சத்தம் கேட்டாலே வளவு வாசலிலிருந்து ஓடிவருகிற பூனை, போன வருஷம் ஒரு நாள் ஓடிவந்து, மோந்து பார்த்து, ஒரு வாய் கடித்தது. கடித்த வேகத்தில் தட்டைப் பார்த்துச் சீறிவிட்டு ஓட்டமாக ஓடியது. மீன் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் ஆத்தங்குடிக் கல்லில் அது படுத்து எழுந்த இடத்தில் எச்சில் காய்ந்து பழுப்பாக ஒரு தடம். ஈரத் துணியால் துடைத்தேன். துணியில் லேசாக ரத்தம்.

பசி இருக்கிறது, சாப்பிட முடியவில்லை. இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் முதலில் வாயைச் சந்தேகப்படுங்கள். காய்ச்சல் கண்ட பூனை பெரும்பாலும் தட்டுப் பக்கமே வராது. வாய் வலிக்கிற பூனை வரும். தலையைச் சாய்த்து ஒரே பக்கத்தில் மெல்லும், வாயில் எடுத்ததை நழுவவிடும், மெல்லாமல் விழுங்கும், முன்காலால் வாயோரத்தைத் தேய்க்கும். பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடும். முதுகு முடி பிசுக்கேறித் திரிதிரியாக நிற்கும். கவுனிக்கு அப்படி நின்றபோது, எல்லாம் அடுப்படி எண்ணெய்ப் புகை என்று நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எடை போட்டு வையுங்கள். மாவு நிறுக்கிற தராசில் இல்லை (என் வீட்டுக்காரர் பதறிப்போய்க் கேட்டார்). பழைய தொங்குதராசு ஒன்று இருந்தது, கூடையோடு மாட்டி நிறுத்து, கூடையின் எடையைக் கழித்துக்கொண்டேன். 4 கிலோ 100 கிராம் இருந்த பூனை 3 கிலோ 400-க்கு வந்திருந்தது. கேட்க முக்கால் கிலோகூட இல்லை. ஆனால் 60 கிலோ ஆள் 10 கிலோ இளைத்ததற்குச் சமம். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை நாள்காட்டித் தாளில் எழுதிவைக்கிறேன். மருத்துவரிடம் “இளைச்சுப் போச்சு” என்று சொல்வதைவிட அந்தத் தாளைக் காட்டுவது வேலையைச் சுருக்கும்.

இனி வாயைப் பார்க்கும் விதம். இரண்டு பேர் வேண்டும். தரையில் உட்கார்ந்து, பூனையின் முதுகு உங்கள் வயிற்றுப் பக்கம் இருக்கும்படி மடியில் வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டுத் துணியால் சுற்றுங்கள். நாங்கள் கிழிந்த கண்டாங்கிச் சேலையைத் துண்டுபோட்டு வைத்திருக்கிறோம். கெட்டி நூல், நகம் அவ்வளவு சுலபத்தில் உள்ளே இறங்காது. தாடையைத் திறக்கப் பார்க்காதீர்கள். கடைவாய்ப் பக்கம் உதட்டை மட்டும் கட்டைவிரலால் மெல்ல மேலே தூக்குங்கள். மற்றவர் செல்போன் டார்ச் அடிக்கட்டும். ஐந்து விநாடி போதும், விட்டுவிடுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வீட்டுப் பூனைதானே என்று சும்மா இருக்க வேண்டாம்.

நல்ல ஈறு வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் மட்டும் சிவப்பாகக் கோடு ஓடினால் ஈறு வீங்கத் தொடங்கியிருக்கிறது. பல்மேல் பழுப்பாக ஒட்டியிருப்பது காரை. நம் ஊர்ச் சுவரில் பூசுகிற காரை மாதிரியே இறுகிப்போகும். அது நூறு வருஷம் பளபளக்கும், இது நாறும். ஏதோ ஒரு பல்லின் அடியில் மட்டும் சிவந்த சதை பல்மேல் ஏறி நின்றால் அது வேறு நோயாக இருக்கலாம். உடம்பின் சொந்த அணுக்களே பல்லைக் கரைத்துத் தின்கிற நோய், பூனைகளுக்குச் சாதாரணமாக வருவது. சொத்தைப்பல் என்பார்கள், சொத்தை இல்லை, அடைத்தாலும் நிற்காது. அந்த இடத்தில் பட்டால் கீழ்த்தாடை கடகடவென்று ஆடும், அவ்வளவு வலி. வயதான பூனைக்கு ஒரே பக்கத்தில் கட்டியோ தாடை வீக்கமோ தெரிந்தால் நாள் கடத்தாதீர்கள். புற்றா என்று சதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

தொண்டைப் பக்கத்தை எப்படிப் பார்ப்பது? கொட்டாவிக்குக் காத்திருங்கள். கவுனி மதியத் தூக்கம் கலைந்ததும் இரண்டு கொட்டாவி விடும். என் மகள் எதிரே குப்புறப் படுத்துக்கொண்டு போனில் ஸ்லோமோஷனில் பிடித்தாள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். வாயின் பின்கோடியில், இரண்டு பக்கமும், அரிந்த தக்காளி மாதிரிச் சிவந்து புடைத்திருந்தது. ஈறோடு நிற்காமல் இப்படி உள்ளே வரை போனால் ஸ்டொமடைட்டிஸ் என்று மருத்துவர் சொல்வார். பல்லில் படிகிற அழுக்குக்கு எதிராகப் பூனையின் எதிர்ப்புச் சக்தியே அளவுமீறிச் சண்டை போடுவதாகத்தான் இதை இப்போது புரிந்துகொள்கிறார்கள். பூனைகளுக்குச் சளியும் வாய்ப்புண்ணும் கொடுக்கிற கலிசி வைரஸுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பல பூனைகள் சேர்ந்து வளர்கிற வீட்டில் அதிகம் வருகிறது.

எதிர்வீட்டு ஆச்சி கேள்விப்பட்டதும் வந்தார்கள். “ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் தடவு ஆத்தா, நமக்குப் போடுறதுதானே.” நமக்குப் போடுவதுதான் பூனைக்கு ஆகாது. கிராம்பு எண்ணெயை முறிக்கிற சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. பாராசிட்டமால் அதைவிட மோசம். டோலோ, குரோசின் எதுவானாலும் சரி, ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். நாம் பல் தேய்க்கிற பேஸ்டும் வேண்டாம். நான் மட்டும் ஒழுங்கா என்றால், இல்லை. முதல் நாள் மஞ்சளும் உப்பும் குழைத்துத் தடவினேன். வாயெல்லாம் நுரை தள்ளி, இரண்டாங்கட்டுப் பத்தாயத்துக்கு அடியில் போய் ஒண்டியது. ராத்திரி வரை வெளியே வரவில்லை. குழம்பில் கிடக்கிற மீனைக் கழுவிப் போடுவதும் கூடாது. நம் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் எவ்வளவு போகும் என்று உங்களுக்கே தெரியும்; இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

முழுதாக ஒரு நாள் ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் மறுநாள் காலையில் மருத்துவரிடம் இருக்க வேண்டும். பட்டினி கிடக்கிற பூனைக்கு, அதுவும் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

நாங்கள் தடுமாறியது இதற்கு அப்புறம்தான். முதலில் போன இடத்தில் ஒரு ஊசி போட்டார்கள். சாயங்காலமே கவுனி தட்டை வழித்து நக்கியது. எனக்கு ஆனந்தம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி ஊசி. இப்படி நாலு முறை. எக்ஸ்ரே பற்றியோ ரத்தப் பரிசோதனை பற்றியோ யாரும் பேசவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அதில் இருந்தது ஸ்டீராய்டு என்று பின்னால்தான் தெரிந்தது. ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கும், காரணத்தைத் தொடாது. திரும்பத் திரும்பப் போட்டால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரலாம். ஆகவே முதல் ஊசிக்கே “என்ன ஊசி, எதற்கு” என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இரண்டாம் முறையும் அதே ஊசி என்றால், பல் எக்ஸ்ரே எடுக்க எங்கே போகலாம் என்று அவரிடமே கேளுங்கள்.

நாங்கள் மதுரைக்குப் போனோம். தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போவதானாலும் பூனைக்குப் பல் எக்ஸ்ரே வசதி இருக்கிறதா, மூச்சுக்குழலில் குழாய் வைத்து மயக்கம் கொடுப்பார்களா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். முதலில் ரத்தம் எடுப்பார்கள். சிறுநீரகம் கெட்டாலும் வாயில் புண் வரும் என்பதால் அதைப் பார்க்க வேண்டும். எஃப்ஐவி, எஃப்இஎல்வி என்ற இரண்டு பூனை வைரஸ்களுக்கும் சோதனை உண்டு (இவை மனிதருக்குத் தொற்றாது). மயக்கம் இல்லாமலே காரையைச் சுரண்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். பல் வெள்ளையாகும்; ஈறுக்கு உள்ளே இருக்கிற அழுக்கு அப்படியே இருக்கும்.

ஸ்டொமடைட்டிஸுக்குக் கைகண்ட வழி பல்லைப் பிடுங்குவதுதான். கேட்டதும் எனக்குப் பகீரென்றது. வளர்ந்த பூனைக்கு 30 பல். கடைவாய்ப் பற்கள் 14. முதலில் இவற்றை எடுப்பார்கள், தேவைப்பட்டால் மிச்சத்தையும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பூனைகள் இதில் நன்றாகத் தேறுகின்றன அல்லது முழுக்கக் குணமாகின்றன. மிச்சத்துக்கு மருந்து தொடரும். வேர்த் துணுக்கு உள்ளே தங்கினால் புண் ஆறாது என்பதால், பிடுங்கிய பிறகும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். கவுனிக்கு 14 பல்லும் போயிற்று. எனக்கு இரண்டு கல்யாண ஆர்டரின் லாபம் போயிற்று. “பூனைக்குப் போய்ப் பல்லைப் பிடுங்குவாகளா” என்று ஆச்சி தாடையில் கைவைத்துக்கொண்டார்கள். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். விடிகாலை நாலு மணிக்குக் கதவருகே நின்று இது கத்துகிற கத்தலைக் கேட்டால் அப்படித் தோன்றாது.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வாரம் மெத்தென்ற சாப்பாடு. தொண்டிப் பக்கத்து மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, வேகவைத்த தண்ணீரையே விட்டுக் கூழாக மசிப்பேன். புறங்கையில் வைத்தால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. அந்தப் பதத்தில் மணம் எழும்பும். வலிக்கு அஞ்சுகிற பூனையை மணம்தான் தட்டுக்கு இழுக்கும். மருந்தைத் திரவமாகக் கேட்டு வாங்குங்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் கன்னப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்; தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையாகத்தான் கிடைத்தது என்றால், கொடுத்த கையோடு 5 மில்லி தண்ணீர் விட வேண்டும். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகிக் குழாயே சுருங்கிப்போகும்.

உடனே ஆறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில பூனைகளுக்கு மாதக்கணக்காகும். கவுனிக்கு எச்சில் நிற்கவே ஆறு வாரம் ஆயிற்று. மூன்றாம் மாதம் தொங்குதராசு 3 கிலோ 950 காட்டியது. இப்போது கடையில் வாங்குகிற உலர் தீனியைக்கூட விழுங்கிவிடுகிறது.

வீட்டில் இன்னொன்றும் இருக்கிறது, சீடை, ஒரு வயசு. அதற்குத் தனித் தட்டு, தனித் தண்ணீர்ச் சட்டி, கலிசியும் அடங்கிய தடுப்பூசி. ஈறு சிவக்காத பூனை என்பதால் தினமும் பல் தேய்த்துவிடுகிறோம். புண்ணான வாயில் பிரஷ் வைக்கவே கூடாது. முதல் வாரம் பூனைகளுக்கென்று விற்கிற கோழி மண பேஸ்டை விரலில் வைத்து நக்க மட்டும் விட்டோம். அடுத்த வாரம் விரலில் மல்துணி சுற்றி மேல் கடைவாயில் ஒரு தேய். இப்போது சின்ன பிரஷ். பல்லின் வெளிப்பக்கம் மட்டும், பக்கத்துக்கு இருபது விநாடி. எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்ததும் சீடை தானாக வந்து மடியில் ஏறிக்கொள்கிறது, பேஸ்டுக்காக. கவுனி தூரத்துத் தூணோரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கும் ஒரு விரல் பேஸ்ட் கொடுத்துவிடுவேன்.