வலி வந்தால்தான் பல் டாக்டரா? பல் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல் டாக்டரிடம் எப்போது போவீர்கள் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோரின் பதில் "வலி வந்தால்" என்பதுதான். முதல் தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதிக்கும் மேல் இதிலிருந்து கிளைத்தவை.

பல்லின் மேல்பூச்சான எனாமலில் நரம்பு கிடையாது. அதனால் சொத்தை அங்கே தொடங்கும்போது ஒன்றும் தெரியாது. அது உள்ளே இறங்கி நரம்பிருக்கும் பகுதியை நெருங்கிய பிறகுதான் ராத்திரியில் தூங்கவிடாமல் குத்தும். ஆரம்பத்தில் பார்த்திருந்தால் ஒரே தடவையில் அடைத்து முடித்திருக்கலாம். வலி வந்தபின் போனால் ரூட் கெனால், கேப் என்று வேலையும் செலவும் கூடும். கிராம்புத் தைலம் வலியை அமுக்கும், சொத்தையை ஆற்றாது. நாலு நாள் வலித்த பல் திடீரென்று வலியை நிறுத்திவிட்டால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உள்ளே நரம்பு செத்திருக்கலாம்; அடுத்து வேர் நுனியில் சீழ் கட்டும்.

ஈறு நோய் இன்னும் அமைதியானது. வலியே இல்லாமல் பல வருடம் ஓடும். இங்கேதான் ஊர் முழுக்கப் புழங்கும் அந்தப் பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்: "க்ளீன் பண்ணினால் பல் ஆடிப்போகும், இடைவெளி விழும், எனாமல் தேயும்." இதை நம்பியே பத்து, பதினைந்து வருடம் தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பல்லில் தினமும் கிருமிகள் சேர்ந்து மெல்லிய, வழவழப்பான ஒரு படலம் படியும். பிரஷ் பட்டால் அது போய்விடும். பிரஷ் படாத இடத்தில், எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் ஏறி, இரண்டு மூன்று நாளிலேயே இறுக ஆரம்பிக்கும். அதுதான் காரை. கீழ் முன்பற்களின் உள்பக்கத்தை நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள். பல்லுக்குப் பல் பிரிவு தெரியாமல் சொரசொரப்பாக ஒரே வரப்பு மாதிரி இருந்தால் அங்கே காரை கட்டியிருக்கிறது. நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பியின் வாய் திறப்பதால்தான் அந்த இடத்தில் முதலில் சேர்கிறது. மேல் கடைவாய்ப்பல்லின் கன்னப்பக்கமும் அப்படித்தான். இறுகிய பிறகு எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் பிரஷால் பெயர்க்க முடியாது. அழுத்தித் தேய்த்தால் ஈறுதான் தேயும்.

காரை ஈறுக்கு அடியில் இறங்க இறங்க, ஈறு வீங்கிப் பல்லை விட்டு விலகும். பல்லைத் தாங்கும் எலும்பு உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இவ்வளவு நடந்தும் சிலருக்குப் பல் ஆடாது. காரையே பக்கத்துப் பற்களோடு சேர்த்துப் பூட்டி வைத்திருக்கும். ஸ்கேலிங்கில், அதாவது டாக்டர் செய்யும் க்ளீனிங்கில், காரை பெயர்ந்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. ஈறு வீக்கம் வற்றியதும், காரை அடைத்திருந்த இடைவெளி தெரிகிறது. பழி மட்டும் க்ளீனிங் மேல் விழுந்துவிடுகிறது!

ஸ்கேலிங் மெஷினின் முனை நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்ந்து காரையை உதிர்க்கும். கூடவே தண்ணீர் பீய்ச்சும். எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள், முறையாகச் செய்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. உதிர்ந்து விழும் துண்டுகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மேலே இருந்தது மஞ்சளாக இருக்கும். ஈறுக்கு அடியிலிருந்து வந்தது கரும்பழுப்பாக, கறுப்பாகக்கூட இருக்கும். அதைப் பார்த்தவர்களுக்கு "இது எனாமல்தானோ" என்ற சந்தேகம் அதோடு போய்விடும். மூடியிருந்த காரை போனதால் சில நாட்களுக்குப் பல் கூசலாம். அது அடங்கிவிடும், பயப்பட வேண்டாம். பல் பளிச்சென்று வெள்ளையாகவில்லையே என்றும் சிலருக்கு வருத்தம். வெள்ளையாக்குவது ப்ளீச்சிங் என்ற தனி வேலை.

இன்னொரு பெரிய தவறு, ரத்தம் வருகிறது என்று அந்தப் பக்கம் தேய்ப்பதையே விட்டுவிடுவது. ஈறில் ரத்தம் கசிவதற்குப் பெரும்பாலும் அங்கே சேர்ந்த அழுக்குத்தான் காரணம். மென்மையான பிரஷால் பொறுமையாகத் தேய்த்தால் வீக்கம் குறையத் தொடங்கும். ஒன்றிரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் காட்டிவிடுங்கள். ஈறு வீக்கம் மட்டும் இருக்கும் நிலையில் முழுதாகச் சரியாகும். எலும்பு கரைந்துவிட்டால் மேற்கொண்டு கரையாமல் நிறுத்தலாம், போன எலும்பு தானாக வளராது. சிகரெட் பிடிப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். புகையால் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ஈறில் ரத்தம்கூட அவ்வளவாக வராமல் நோய் முற்றும். புகையிலை, ஹான்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்குப் பரிசோதனையின் முக்கியமான பயனே வேறு: வாய்ப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடிய வெள்ளைத் திட்டு, வாய் திறப்பது குறைவது, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் ஆகியவற்றை டாக்டர் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும்.

எலுமிச்சையும் சோடா உப்பும் கலந்து தேய்ப்பது, கரித்தூள், ஆன்லைனில் வாங்கிய கூர்க்கம்பியால் தானே சுரண்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். எலுமிச்சையின் அமிலம் எனாமலைக் கரைக்கும். கம்பி ஈறைக் கிழிக்கும்.

"பல்லுக்குத்தானே வந்தோம்" என்று மற்ற நோய்களைச் சொல்லாமல் விடுபவர்களும் நிறைய. சர்க்கரை நோயும் ஈறு நோயும் ஒன்றையொன்று மோசமாக்குபவை, அதைக் கட்டாயம் சொல்லுங்கள். இதய வால்வு மாற்றியிருந்தால் க்ளீனிங்குக்கு முன்பே ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. டாக்டரிடம் சொன்னால் போதும். கர்ப்பிணிகள் குழந்தை பிறந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட வேண்டாம். க்ளீனிங் பாதுகாப்பானது, நடு மூன்று மாதங்கள் வசதியான காலம்.

குழந்தைகள் விஷயத்தில், "விழுந்து முளைக்கிற பல்தானே" என்ற அலட்சியம் ரொம்பவே ஆபத்தானது. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பாற்பல்லும் விழாமலே, கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பாற்பல் என்று நினைத்துப் பெற்றோர் விட்டுவிட, பத்து வயதுக்குள் சொத்தையாகிவிடுகிறது. அது போனால் இன்னொன்று முளைக்காது. குழந்தையை முதல் பிறந்தநாளுக்குள் ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

சரி, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போவது? ஆறு மாதம் என்பது வசதியான பொதுக்கணக்கு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2004இல் தந்த வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு அவரவர் நிலையைப் பொறுத்து 3 மாதம் முதல் 2 வருடம் வரை இடைவெளி வைக்கச் சொல்கிறது. சர்க்கரை, புகைப்பழக்கம், ஏற்கெனவே ஈறு நோய் இருந்தால் சீக்கிரம் போக வேண்டும். செலவு பயமாக இருந்தால் அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவும், சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் செய்கிறார்கள்.

போனால் நாற்காலியிலிருந்து இறங்குவதற்கு முன் கேளுங்கள்: பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் ஆழத்தை அளந்தீர்களா, எங்காவது 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கிறதா, எக்ஸ்ரே தேவையா, எனக்கு அடுத்த தடவை எப்போது? 3 மி.மீ. வரை சாதாரணம். பதிலை ஒரு சீட்டில் எழுதி வாங்கி, அடுத்த முறை அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.