இலங்கையின் கிழக்கில் போரால் பாதிக்கப்பட்டோரிடம் நீதி பற்றிக் கேட்பது எப்படி

1990 ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுத முஸ்லிம்கள் சுடப்பட்டார்கள். செப்டெம்பர் 5 வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களைப் படையினர் பிடித்துப் போனார்கள். 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழர் படுகொலை. ஆறு கிழமைக்குள், மட்டக்களப்பு என்ற ஒரே மாவட்டத்தில். அம்பாறைச் சிங்களவர்களைக் கேட்டால் 1987இல் பிக்குகள் கொல்லப்பட்ட அரந்தலாவையில் தொடங்குவார்கள். இந்த மூன்று சனத்தையும் முதல் நாளே ஒரு மண்டபத்தில் இருத்தினால், யாருக்கு எத்தனை பேர் போனது என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அல்லது மரியாதைக்கு எல்லாரும் "சமாதானம் வேணும்" என்று சொல்லிவிட்டு எழும்புவார்கள். இரண்டாவதுதான் கூடுதல் மோசம், கூட்டம் நன்றாக நடந்ததாகத் தோன்றும்.

ஆகவே முதற்சுற்றுப் பேச்சு ஒவ்வொரு சனத்தோடும் தனித்தனியே. ஆறு முதல் எட்டுப் பேர், ஒன்றரை மணித்தியாலம், பெண்களுக்கு வேறாக. கிராம அலுவலரோ சங்கத் தலைவரோ அறைக்குள் வேண்டாம். வெள்ளி நண்பகலைத் தவிருங்கள். நினைவு நாள் வரும் கிழமையையும் தவிருங்கள். அப்போது மேடைப் பேச்சுத்தான் வாயில் வரும். முகாமாக இருந்த பாடசாலைக் கட்டடத்தை எடுக்கக் கூடாது.

முஸ்லிம்களும் தமிழ் பேசுவதால் மொழிச் சிக்கல் இல்லை என்று நினைப்பது வழமையான பிழை. அவர்கள் "மவுத்தானார்", "ஷஹீதானார்" என்றால் அப்படியே எழுதுங்கள், "இறந்தார்" என்று திருத்தாதீர்கள். தமிழ்த் தாய்மார் "காணாமல் போன" என்ற சொல்லை ஏற்பதில்லை, "காணாமலாக்கப்பட்ட" என்பார்கள். பிள்ளை தானாகப் போகவில்லை என்பதே அவர்களின் முழு வழக்கு. சிங்களத்தில் நீதிக்கு "யுக்திய" என்பார்கள். தமிழ்க் காதில் அது தந்திரமாக ஒலிக்கும். போதாதற்கு 2023 டிசெம்பரில் தொடங்கிய பொலிஸ் நடவடிக்கைக்கும் அதே பெயர். மொழிபெயர்ப்பவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

"நீதி என்றால் என்ன?" என்று கேட்டால் மௌனம்தான். இப்படிக் கேளுங்கள்: நடந்ததை யார், எந்த ஊரில் நின்று ஒப்புக்கொள்ள வேண்டும்? கையில் என்ன கிடைக்க வேண்டும்? எதைத் தந்தால் வாங்கமாட்டீர்கள்? கடைசிக் கேள்விதான் அதிகம் திறக்கும். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஓராண்டுக்கு மேல் தகவலில்லாதவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வழி வந்தது. ஆனால் அதில் கையெழுத்திடுவது மகனைத் தன் கையாலே கொல்வதுபோல் என்று மறுக்கும் தாய்மார் உண்டு. வயற்காணியை இழந்த குடும்பத்துக்கோ காணி உறுதியும் எல்லை வரம்பும்தான் முதற்பேச்சு. இரண்டையும் "இழப்பீடு" என்ற ஒரே கட்டத்துக்குள் போட்டால் இரண்டும் பொய்யாகும்.

திகதி கேட்டு நெருக்காதீர்கள். 1978 சூறாவளிக்கு முன்னா பின்னா, இந்திய இராணுவம் வந்த பிறகா, சுனாமிக்கு முன்னா என்று கேட்டால் ஆண்டு தானாக வரும்.

பெயர்கள் ஒரு கொப்பியில், பேச்சு இன்னொன்றில், இரண்டையும் இணைப்பது இலக்கம் மட்டும். இரண்டும் ஒரே பையில் போகக் கூடாது. சம்மதத்தைத் தொடக்கத்தில் மட்டுமல்ல, முடிவிலும் கேளுங்கள். என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரியும். இரண்டு கிழமைக்குள் திரும்பிப் போய் எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். எதையாவது அழிக்கச் சொன்னால் அழித்துவிடுங்கள்.

கலந்த கூட்டம் அதன் பிறகுதான், மூன்று பக்கமும் கேட்டால் மட்டும், ஒரேயொரு விடயத்துக்கு: ஒரு காணி, அல்லது ஒரு நினைவுக் கல்லில் எழுதவேண்டிய சொற்கள்.