பாதி மட்டும் பிடித்த சூப்பர் ஹீரோ படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது எப்படி?

சூப்பர் ஹீரோ படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவுடன், "படம் எப்படி?" என்று கேட்கும் நண்பரிடம் "பரவாயில்லை" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கண் கலங்க வைத்த ஒரு காட்சியும், நேரத்தைப் பார்க்க வைத்த அரைமணி நேரமும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் சேர்ந்தே புதைந்துபோகின்றன. கடந்த சில ஆண்டுகளில் வந்த, மார்வெல், டிசி என்ற இரு அமெரிக்க காமிக்ஸ் நிறுவனங்களின் படங்களில் பெரும்பாலானவை எனக்கு இப்படித்தான் அமைந்தன. முழுவதுமாகப் பிடித்தவையும் சில, அடியோடு பிடிக்காதவையும் சில. மீதி எல்லாமே இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. இந்தக் கலவையான மனநிலையைத் தெளிவின்மை என்று எண்ணி, ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்து பேச ரசிகர்களாகிய நாம் பழகிவிட்டோம் என்பது என் வருத்தம். எந்த இடம் பிடித்தது, எந்த இடத்தில் மனம் விலகியது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால், பாதி பிடித்த படத்தைப் பற்றியும் உறுதியாகப் பேசலாம். அதற்கு எனக்குப் பயன்பட்ட வழிகளை இங்கே சொல்கிறேன். படங்களின் முடிவுகளும் இடையில் வரும் என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

முதலில், மொத்தத் தீர்ப்பை ஒதுக்கி வையுங்கள். "சூப்பர் ஹீரோ படங்களே சலித்துவிட்டன" என்ற வாக்கியம் எந்தப் படத்தைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. 2023 ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் 'ஆன்ட்மேன்' வரிசையின் மூன்றாம் படம் வந்தது. மே மாதத்தில் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' மூன்றாம் பாகம். ஜூனில் 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்', 'தி ஃப்ளாஷ்' என இரண்டு படங்கள். நவம்பரில் 'தி மார்வெல்ஸ்'. ஒரே ஆண்டில், ஏறத்தாழ அதே ரசிகர்களுக்காக வெளிவந்த படங்கள்தான் இவை. அப்படியிருந்தும், 'ஸ்பைடர்வெர்ஸ்' படத்தில், நீர்வண்ண ஓவியம் போன்ற தன் உலகத்தில் நாயகி குவென் தன் தந்தையிடம் பேசும்போது அவள் மனநிலைக்கேற்பப் பின்னணியின் நிறங்கள் கரைந்து மாறுவதைப் பார்த்தவர், அந்தப் படத்தையும் ஆன்ட்மேனையும் ஒரே சலிப்புக் கணக்கில் எழுத மாட்டார். சலிப்பு உண்மையாகவே இருந்தால், அது எந்தப் படத்தின் எந்த இடத்தில் தொடங்கியது என்று தேடுங்கள்.

அடுத்தது மதிப்பெண். ஐந்துக்கு மூன்று என்று எழுதுவதால் கலவையான கருத்தைச் சொல்லிவிட்டதாக ஆகாது. சீராகச் சுமாராக ஓடும் படத்துக்கும் மூன்று; ஒரு பகுதி மிக உயரத்திலும் மற்றொன்று பள்ளத்திலும் இருக்கும் படத்துக்கும் அதே மூன்று. 2022 இல் வந்த 'தோர்: லவ் அண்ட் தண்டர்' இரண்டாவது வகை. பாலைவனத்தில் தன் சிறு மகளைப் பறிகொடுத்த கோர் என்ற வில்லன், தான் வணங்கிய கடவுளைச் சந்திக்கிறான். அந்தக் கடவுள் அவனுடைய துயரத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. கோராக நடிக்கும் கிறிஸ்டியன் பேல் அந்தச் சில நிமிடங்களில் கட்டியெழுப்பும் துக்கம் மிகக் கனமானது. அதன் பிறகு அலறும் ஆடுகளும் தொடர் நகைச்சுவையும் வருகின்றன. புற்றுநோயோடு போராடும், தோரின் காதலி ஜேன் பேச வேண்டிய இடங்களிலும் ஒரு துணுக்கு குறுக்கே விழுகிறது. நகைச்சுவை தனியாக மோசமில்லை, துக்கமும் தனியாக மோசமில்லை; ஒன்று ஊன்றுவதற்குள் மற்றொன்று அதைத் தள்ளிவிடுகிறது என்பதே என் குறை. இதை எந்த எண்ணாலும் சொல்ல முடியாது. எனவே எண் போட்டே ஆக வேண்டும் என்றால், காட்சிகளைப் பற்றி எழுதி முடித்த பிறகு கடைசியாகப் போடுங்கள்.

படத்தின் மீதான ஏமாற்றத்தையும் விளம்பரத்தின் மீதான ஏமாற்றத்தையும் பிரித்துப் பார்ப்பதும் அவசியம். 2025 பிப்ரவரியில் வந்த 'கேப்டன் அமெரிக்கா: பிரேவ் நியூ வேர்ல்ட்' படத்தில் அதிபர் ராஸ் சிவப்பு ஹல்க் என்ற ராட்சத உருவமாக மாறுவது இறுதிக்கட்டத்தில்தான் நிகழ்கிறது, ட்ரெய்லரோ அதை முன்பே காட்டிவிட்டது. அந்த மாற்றம் வரும்வரை காத்திருந்து களைத்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் களைப்பின் ஒரு பங்கை நான் படத்தின் கணக்கில் எழுத மாட்டேன்.

நினைவின் பங்கைக் கணக்கிடுவதுதான் எல்லாவற்றிலும் கடினமானது என்பதால், இதற்கு அதிக நேரம் கொடுங்கள். இப்போதைய படங்களில் பல, பழைய படங்களின் மீது நமக்கு இருக்கும் பாசத்தை எரிபொருளாக்கி ஓடுகின்றன. பாசம் தவறில்லை, ஆனால் அந்த மகிழ்ச்சியை இந்தப் படம் உண்டாக்கியதா, அல்லது பழைய படத்திடமிருந்து வாங்கிக் காட்டியதா என்று கேட்டே ஆக வேண்டும். 2021 டிசம்பரில் வந்த 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' படத்தில் வெவ்வேறு காலப் படங்களின் ஸ்பைடர்மேன்கள் (எல்லோருக்கும் பெயர் பீட்டர்தான்) ஒன்றுசேர்கிறார்கள்; சுதந்திர தேவி சிலையைச் சுற்றி நடக்கும் சண்டையில் இப்போதைய பீட்டரின் காதலி எம்ஜே கீழே விழுகிறாள். டாம் ஹாலண்டின் பீட்டரால் அவளை எட்ட முடியவில்லை. ஆண்ட்ரூ கார்ஃபீல்டின் பீட்டர் பாய்ந்து பிடிக்கிறார். தரையில் இறக்கிவிட்டு அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கும்போது அவருடைய முகம் உடைகிறது. பதிலுக்கு எம்ஜே அவருடைய நலத்தை விசாரிக்கிறாள். 2014 இல் வந்த தன் ஸ்பைடர்மேன் படத்தில் காதலி குவெனைக் காப்பாற்ற முடியாமல் போனவர் இவர். பழைய படத்தின் காயத்தை எடுத்து, அதற்கு இல்லாத ஒரு முடிவை இந்தப் படம் கொடுக்கிறது. நினைவை நம்பியிருந்தாலும் அதன்மேல் ஒன்றைச் சேர்க்கிறது. 'தி ஃப்ளாஷ்' படத்தின் இறுதியிலோ, 1978 ஆம் ஆண்டுப் படத்தின் சூப்பர்மேனான கிறிஸ்டோபர் ரீவின் உருவம் கணினியால் உருவாக்கப்பட்டுச் சில நொடிகள் வந்து மறைகிறது. அவர் 2004 இல் காலமானவர். கதையில் அந்த உருவம் எதையும் செய்வதில்லை. நாம் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகவே நிற்கிறது. எனக்கு அது மனவருத்தத்தையே தந்தது. இரண்டு படங்களையும் "பழைய நினைவுகளைக் காசாக்குகிறார்கள்" என்று ஒரே வாக்கியத்தில் கண்டிப்பது, முதல் படத்துக்குச் செய்யும் அநீதி.

முன்கதைச் சுமையை இதிலிருந்து தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 'தி மார்வெல்ஸ்' 105 நிமிடமே ஓடும் சிறிய படம். ஆனால் அதன் நாயகிகளில் இருவரான மோனிகாவையும் கமலாவையும் சரியாக அறிய இரண்டு தொடர்களைப் பார்த்திருக்க வேண்டும். கமலாவின் குடும்பம் வீட்டுக்குள் செய்யும் கலகலப்பு எனக்கு மிகவும் பிடித்தது. தொடரைப் பார்க்காமல் வந்தவருக்கு அதே குடும்பம் திடீரென நுழைந்த கூட்டமாகத் தோன்றியிருந்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் கருத்தை எழுதும்போது, முன்பு எவற்றைப் பார்த்திருந்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் படிப்பவருக்கு அது பெரிய உதவி.

கிராஃபிக்ஸ் மோசம் என்று எழுதுவதாக இருந்தால், எந்தக் காட்சி என்று மட்டும் குறிப்பிடுங்கள். அதற்கு மேல் தேவையில்லை.

இனி, ஒரே படத்துக்குள் இருக்கும் இரண்டு மனநிலைகளை எப்படி எழுதுவது என்பதற்கு 2025 ஜூலையில் வந்த 'சூப்பர்மேன்' படத்தை எடுத்துக்கொள்கிறேன். அதில் லோயிஸ் தன் வீட்டில், சூப்பர்மேனின் அன்றாட முகமான கிளார்க்கைச் சூப்பர்மேனாகவே பேட்டி எடுக்கிறாள். ஒலிப்பதிவுக் கருவி ஓடத் தொடங்கும்வரை காதலர்களாக இருந்தவர்கள், அதன் பிறகு பத்திரிகையாளரும் பதில் சொல்ல வேண்டியவருமாக மாறிவிடுகிறார்கள். வேறொரு நாட்டின் போரில் யாரைக் கேட்டுத் தலையிட்டாய் என்று அவள் விடாமல் கேட்க, அவனுடைய பொறுமை சிறிது சிறிதாகக் கழன்று, மக்கள் சாகவிருந்தார்கள் என்று குரல் உயர்கிறது. ஒரு கட்டடமும் இடியவில்லை. ஆனால் அந்தப் படத்தின் மிகக் கூர்மையான மோதல் அதுதான். அதே படத்தில் வில்லன் லெக்ஸ் லூதர் உருவாக்கிய குட்டிப் பிரபஞ்சம் வரும் பகுதியில் கைதிகள், நுழைவாயில்கள், ஆறு, குழந்தை, நாய் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். எதற்காகக் கவலைப்பட வேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் குறிப்பெழுதும்போது "நன்றாக இருக்கிறது, ஆனால்" என்று தொடங்குவதில்லை. அந்த 'ஆனால்' முன்னால் சொன்ன பாராட்டை விழுங்கிவிடும். "இரண்டு பேர் எதிரெதிரே அமர்ந்து பேசும்போது இந்தப் படம் உயிரோடு இருக்கிறது; பத்துப் பேர் ஓடும்போது அது மூச்சு வாங்குகிறது" என்று எழுதினேன். பாராட்டும் குறையும் ஒரே காரணத்தில் வந்து சேரும் அந்த இடம் கிடைத்துவிட்டால், அதுதான் உங்களுடைய கருத்து. அது கிடைக்கும்வரை வாக்கியத்தை மாற்றி மாற்றி எழுதிப் பாருங்கள்.

உங்களோடு உடன்படாதவரிடம் பேசும்போதும் இதையே கேளுங்கள்: எந்தக் காட்சி? 2025 மே மாதம் வந்த 'தண்டர்போல்ட்ஸ்' படத்தின் இறுதியில், தன் இருண்ட பாதியை அடித்து நொறுக்கிக்கொண்டே அதற்குள் மூழ்கிப்போகும் பாப் என்பவனை, குழுவைச் சேர்ந்த யெலெனா கட்டியணைத்துத் தடுக்கிறாள். மற்றவர்களும் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். சூப்பர் ஹீரோ படம் ஒன்று அடியால் அல்லாமல் அணைப்பால் முடிந்தது எனக்கு நெகிழ்ச்சி. என் நண்பர் ஒருவருக்கோ அது சண்டையே இல்லாத சப்பென்ற முடிவு. இருவரும் சுட்டியது ஒரே காட்சியை என்று தெரிந்ததும் வாக்குவாதம் நின்று பேச்சு தொடங்கியது.

கடைசியாக, பார்த்த அன்றே ஒரு குறிப்பு எழுதி, சில வாரங்கள் கழித்து மறுபடி பார்த்துத் திருத்துங்கள். 2022 இல் வந்த 'தி பேட்மேன்' 176 நிமிடம் ஓடுகிறது. முதல்முறை பார்த்துவிட்டு "வெள்ளம் வரும் இறுதிப்பகுதி தேவையில்லாத இழுப்பு" என்று எழுதியிருந்தேன். இரண்டாம் முறை வேறொன்று கண்ணில் பட்டது. தொடக்கத்தில், நீ யார் என்று கேட்கும் அடியாளிடம் தன்னைப் பழிவாங்கல் என்று அறிவிக்கிறார் பேட்மேன். இறுதியில், பிடிபட்ட துப்பாக்கிக்காரன் ஒருவனிடம் அதே கேள்வி கேட்கப்படும்போது, அவன் வாயிலிருந்தும் அதே சொல் வருகிறது. அதைக் கேட்டு அசைவற்று நின்றவர், சற்று நேரத்தில் தண்ணீரில் குதித்து, சிவப்புத் தீப்பந்தம் ஒன்றைக் கொளுத்தி, இடுப்பளவு வெள்ளத்தில் மக்களை வழிநடத்திச் செல்கிறார். குறிப்பில் அந்த வரியை அடித்துவிட்டு, நீளத்தைப் பற்றிய குறையை நடுவில் வரும் விசாரணைப் பகுதிக்கு மாற்றி எழுதினேன்.