ஏஞ்சல் மீனோடு எந்த மீன்களைச் சேர்க்கலாம்? தொடக்கநிலையாளர்களுக்கான படிப்படியான விளக்கம்

கடையில் நாம் வாங்கும் ஏஞ்சல் மீன் பெரும்பாலும் ஒரு நாணய அளவு உடல் கொண்ட குஞ்சாகவே இருக்கும். அந்த வயதில் அது எல்லா மீன்களோடும் ஒத்துப்போகும். நியான் டெட்ராக்களின் நடுவே அமைதியாக நீந்தும். ஓராண்டு கழித்து அதே மீன் ஏறத்தாழ 15 செ.மீ. நீளமும், மேல் துடுப்பின் நுனியிலிருந்து கீழ்த் துடுப்பின் நுனி வரை 20 செ.மீ.க்கும் மேற்பட்ட உயரமும் கொண்டதாக வளர்ந்து, தொட்டியில் தனக்கென ஓர் இடத்தை வரித்துக்கொள்ளும். ஆகவே, துணை மீன்களைத் தேர்ந்தெடுக்கும்போது இன்று பையில் கொண்டுவரும் குஞ்சை மனத்தில் வைக்காமல், அடுத்த ஆண்டு தொட்டியில் இருக்கப்போகும் முழு வளர்ச்சியடைந்த மீனை மனத்தில் வைத்தே முடிவெடுக்க வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த ஒரு கருத்தையே அடிப்படையாகக் கொண்டது.

படி 1: ஏஞ்சல் மீனின் இயல்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஏஞ்சல் மீன் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது; ஆஸ்கரும் டிஸ்கஸும் அதன் உறவினர்கள். டெரோஃபில்லம் என்ற பேரினத்தில் மூன்று சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் ஸ்கேலாரே என்னும் சிற்றினமும் அதன் வழிவந்த வளர்ப்பு வகைகளுமே பெரும்பாலான கடைகளில் கிடைக்கின்றன. இதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. அங்கே நீரில் மூழ்கிய வேர்களுக்கும் கிளைகளுக்கும் செடித் தண்டுகளுக்கும் இடையே இது அசையாமல் நிற்கும். தட்டையான உடலும் செங்குத்தான கரும்பட்டைகளும் அந்தத் தண்டுகளோடு அதைக் கலந்துவிடச் செய்கின்றன. பெரிய மீன்களிடமிருந்து தப்புவதற்கு உதவும் இந்த மறைவு, அருகில் வரும் சிறு மீனையும் பூச்சிப் புழுவையும் பிடிப்பதற்கும் உதவுகிறது. மெதுவாக நீந்துவதால் இதைச் சாது என்று பலர் கருதுகிறார்கள். உண்மையில் இது பதுங்கியிருந்து வேட்டையாடும் மீன்.

அதே நேரத்தில், நூல்போல நீண்டு தொங்கும் இதன் துடுப்புகள் பிற மீன்களின் கடிக்கு எளிதில் இலக்காகின்றன. எனவே ஒரு துணை மீனைப் பார்த்தவுடன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஏஞ்சல் இதை விழுங்கிவிடுமா? இது ஏஞ்சலின் துடுப்பைக் கடிக்குமா?

படி 2: தொட்டியின் உயரத்தையும் கொள்ளளவையும் உறுதிசெய்யுங்கள்

இந்த மீனுக்கு நீளத்தைப் போலவே உயரமும் முக்கியம். 45 செ.மீ.க்குக் குறைவான உயரமுள்ள தொட்டியில் அதன் துடுப்புகள் இயல்பாக விரிந்து வளர்வது கடினம். ஒரு ஜோடியை மட்டும் வளர்ப்பதானால் 100 லிட்டர் அளவுக்குச் சமாளிக்கலாம். பிற மீன்களையும் சேர்த்து வளர்க்கும் கலப்புத் தொட்டிக்கு 200 லிட்டரைத் தொடக்க அளவாகக் கொள்ளுங்கள். அகன்ற இலைச் செடிகளையும் நிமிர்த்தி வைத்த மரத்துண்டுகளையும் கொண்டு தொட்டியைப் பகுதிகளாகப் பிரித்துவிட்டால், ஒரு மீன் மற்றொன்றின் பார்வையிலிருந்து விலகி நிற்க இடம் கிடைக்கும். எந்த மீனைச் சேர்ப்பது என்ற கேள்விக்கு இணையான முக்கியத்துவம் இந்த மறைவிடங்களுக்கும் உண்டு.

படி 3: நீரின் தன்மையைக் கொண்டு பட்டியலைச் சுருக்குங்கள்

ஏஞ்சல் மீனுக்கு 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையும், 6.0 முதல் 7.5 வரையிலான பி.எச். அளவும், மென்னீரும் பொருந்தும். குளிர்ந்த நீரை விரும்புவதும் கழிவை மிகுதியாக வெளியேற்றுவதுமான கோல்டு ஃபிஷ் இங்கேயே பட்டியலிலிருந்து விலகிவிடுகிறது. கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை கடின நீரில் செழிப்பவை. நடுத்தரமான நீரில் இரு தரப்பும் உயிர் வாழும் என்றாலும், குட்டையான உடலும் பகட்டான வாலும் கொண்ட கப்பி ஏஞ்சலின் வாய்க்கு மிக எளிதாக அகப்படும். ஆகவே கப்பியைத் தவிர்ப்பதே நல்லது.

படி 4: வாயின் அளவைக் கொண்டு கூட்ட மீன்களைத் தேர்ந்தெடுங்கள்

தொடக்கநிலையாளர்கள் மிகுதியாகத் தவறும் இடம் இதுதான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதல் தொட்டியை அமைத்தபோது நானும் நியான் டெட்ராக்களையும் ஏஞ்சல் குஞ்சுகளையும் ஒரே நாளில் வாங்கிவந்து ஒன்றாகவே விட்டேன். பல மாதங்கள் எந்தச் சிக்கலும் இல்லை. பிறகு காலையில் விளக்கைப் போட்டு எண்ணும்போதெல்லாம் நியான்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. இறந்த உடலும் கிடைக்கவில்லை, நோயின் அறிகுறியும் தெரியவில்லை. இரவில் நியான்கள் ஓய்ந்து ஓரிடத்தில் மிதந்து நிற்க, அதற்குள் போதிய அளவு வளர்ந்துவிட்ட ஏஞ்சல்கள் அவற்றை விழுங்கியிருக்கின்றன. நிறையத் தீனி போட்டால் இது நேராது என்று சிலர் சொல்வார்கள். தீனி வேட்டையைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. வாய்க்குள் அடங்கும் மீனை இரையாகப் பார்ப்பது அதன் இயல்பு.

இங்கே நீளத்தைவிட உடலின் பருமனே பெரிதும் தீர்மானிக்கிறது. நியான் டெட்ரா 3 முதல் 3.5 செ.மீ. வரை மட்டுமே வளரும், உடலும் மெலிந்தது, அதற்குச் சற்றுக் குளிர்ந்த நீரே ஏற்றது. கார்டினல் டெட்ரா அதைவிடச் சற்றுப் பெரியது, வெப்பத்தையும் நன்கு தாங்கும். எனினும் இளம் கார்டினல்களை வளர்ந்த ஏஞ்சலோடு விடுவது பாதுகாப்பானதன்று. எனது முதல் பரிந்துரை ரம்மிநோஸ் டெட்ரா. ஏறக்குறைய 5 செ.மீ. வரை வளரும் இது வெதுவெதுப்பான மென்னீரை விரும்புகிறது. நெருக்கமான கூட்டமாகத் திரும்பித் திரும்பி விரைந்து நீந்துவதால் ஏஞ்சலால் ஒன்றைத் தனியே குறிவைக்க முடிவதில்லை. லெமன் டெட்ரா, பிளாக் ஃபேன்டம் டெட்ரா, பிளீடிங் ஹார்ட் டெட்ரா ஆகியவற்றின் உடல் மேலிருந்து கீழாக அகன்றிருப்பதால் அவையும் பொருந்தும். தொட்டி பெரிதாக இருந்தால் 8 செ.மீ. அளவுள்ள காங்கோ டெட்ராவைச் சேர்க்கலாம். அதன் மெல்லிய துடுப்பழகு ஏஞ்சலின் அழகோடு நன்றாக இசைந்துபோகும்.

எந்த டெட்ராவாக இருந்தாலும் குறைந்தது எட்டு முதல் பத்து மீன்களை ஒன்றாக வாங்குங்கள். மூன்று நான்கு மீன்களை மட்டும் வாங்கினால் அவை அஞ்சி ஒளியும், அல்லது தங்கள் சினத்தைப் பிற மீன்களின் துடுப்பில் காட்டும்.

படி 5: துடுப்பைக் கடிக்கும் மீன்களை ஒதுக்குங்கள்

டைகர் பார்ப்பின் வண்ணம் எவ்வளவு கவர்ந்தாலும் அதை ஏஞ்சலோடு சேர்க்காதீர்கள். பெரிய கூட்டமாக வளர்த்தால் கடிக்காது என்ற பேச்சு உண்டு. கூட்டத்தில் அவை தமக்குள் மோதிக்கொள்வது உண்மைதான் என்றாலும், மெதுவாக நகரும் நீண்ட துடுப்பு கண்ணெதிரே தொங்கும்போது அதையும் அவை விட்டுவைப்பதில்லை. செர்பே டெட்ராவும் பியூனஸ் அயர்ஸ் டெட்ராவும் இதே குணம் கொண்டவை. பிளாக் ஸ்கர்ட் டெட்ரா சில தொட்டிகளில் அமைதியாக இருக்கிறது, சிலவற்றில் கடிக்கிறது. தொடக்கநிலையில் அந்தச் சோதனை வேண்டாம். நீள்துடுப்பு வகை ஏஞ்சல்களுக்கு இந்தக் கவனம் இரட்டிப்பாகத் தேவை.

படி 6: அடித்தளத்துக்கான மீன்களைச் சேருங்கள்

ஏஞ்சல் பெரும்பாலும் தொட்டியின் நடுப்பகுதியிலும் மேற்பகுதியிலும் இருக்கும் என்பதால், அடித்தள மீன்கள் அதற்குப் போட்டியாவதில்லை. கோரிடோராஸ் என்னும் சிறு கெளுத்தி மீன் இதற்கு மிகவும் ஏற்றது. ஆறு மீன்களாவது இருக்க வேண்டும், அடியில் மென்மையான மணல் வேண்டும். அதிலும் வகையைக் கவனித்து வாங்க வேண்டும். ஸ்டெர்பாய் கோரிடோராஸ் 28 டிகிரியிலும் நலமாக இருக்கும். பாண்டா கோரிடோராஸுக்குக் குளிர்ந்த நீரே தேவை. 3 செ.மீ.க்கும் குறைவான பிக்மி கோரிடோராஸை ஏஞ்சல் விழுங்க முயன்றால் இரண்டுக்கும் ஆபத்து, ஏனெனில் கோரிடோராஸின் மார்புத் துடுப்பில் உள்ள கூரிய முள் விழுங்கும் மீனின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

டேங்க் கிளீனர் என்ற பெயரில் விற்கப்படும் சாதாரண ப்ளெக்கோவைத் தவிர்த்துவிடுங்கள். அது 40 செ.மீ.யும் தாண்டி வளரக்கூடியது. அதைவிட முக்கியமாக, தட்டையான உடல் கொண்ட ஏஞ்சல், டிஸ்கஸ் போன்ற மீன்களின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு உடலின் வழுவழுப்புப் படலத்தை உறிஞ்சும் பழக்கம் சில ப்ளெக்கோக்களுக்கு உண்டு. அந்த இடம் புண்ணாகி நோய் தொற்றும். பாசியைத் தின்னும் மீன் வேண்டுமென்றால் 12 முதல் 15 செ.மீ. அளவோடு நின்றுவிடும் பிரிஸில்நோஸ் ப்ளெக்கோ ஒன்று போதும்.

செர்ரி இறால் ஏஞ்சலுக்கு வெறும் தீனியே. நெரைட் நத்தைகளைத் தயங்காமல் விடலாம்.

படி 7: நடுத்தர மீன்களையும் ஏஞ்சல்களின் எண்ணிக்கையையும் முடிவுசெய்யுங்கள்

கௌராமிகளில் முத்து கௌராமி அமைதியானது. ஒரு ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கில் பெரிய தொட்டியில் சேர்க்கலாம். மற்ற சிக்லிட் மீன்களில் பொலிவியன் ராம், கீஹோல் சிக்லிட் ஆகியவை அடித்தளத்தை ஒட்டி வாழும் சாதுவான மீன்கள். ஆஸ்கர், ஜாக் டெம்ப்ஸி, கன்விக்ட் போன்ற முரட்டு சிக்லிட்களுக்கு இந்தத் தொட்டியில் இடமே இல்லை. ஆண் பெட்டாவையும் சேர்க்க வேண்டாம். அதன் நீண்ட துடுப்பும் மெதுவான நீச்சலும் இரு தரப்புக்கும் தொல்லையாகும். சில்வர் ஷார்க் குஞ்சாக இருக்கும்போது அழகாகத் தெரிந்தாலும் 30 செ.மீ. வரை வளர்ந்துவிடும்.

ஏஞ்சலுக்குப் பெரும்பாலும் மற்றொரு ஏஞ்சலே கடினமான துணை என்பதையும் மறக்கக் கூடாது. மூன்று ஏஞ்சல்களை வாங்கினால், இரண்டு இணைசேர்ந்து மூன்றாவதை மூலையில் ஒடுக்கிவிடும். 200 லிட்டர் தொட்டியில் ஒன்றை மட்டும் வளர்க்கலாம், அல்லது ஒத்துப்போகும் ஒரு ஜோடியை வளர்க்கலாம். ஐந்தாறு மீன்களை ஒன்றாக வளர்க்க விரும்பினால் அதைவிட மிகப் பெரிய தொட்டி தேவை. முட்டையிடும் பருவம் வரும் வரை ஆண் பெண் வேறுபாட்டை உறுதியாகக் கண்டறிய முடியாது என்பதால், இரண்டு குஞ்சுகளை வாங்கிவிட்டு ஜோடி என்று நம்பிவிடாதீர்கள்.

எடுத்துக்காட்டாக, 200 லிட்டர் தொட்டிக்கு நான் பரிந்துரைப்பது இது: பத்து ரம்மிநோஸ் டெட்ரா, ஆறு ஸ்டெர்பாய் கோரிடோராஸ், ஒரு பிரிஸில்நோஸ், இரண்டு ஏஞ்சல்.

படி 8: சரியான வரிசையில் விடுங்கள்

முதலில் தொட்டி பக்குவப்பட வேண்டும், அதாவது கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அதில் பெருக வேண்டும். சோதனைக் கருவியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாகக் காட்டும் வரை, இது பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும், எந்த மீனையும் விடாதீர்கள். பிறகு டெட்ராக்களையும், சில வாரங்கள் கழித்துக் கோரிடோராஸையும் பிரிஸில்நோஸையும் விடுங்கள். ஏஞ்சலைக் கடைசியாக, அதுவும் குஞ்சாகவே விடுங்கள். முழு வளர்ச்சி பெற்ற டெட்ராக்களுக்கு நடுவே வளரும் ஏஞ்சல், அவற்றைத் தொட்டியின் இயல்பான பகுதியாக ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். மாறாக, ஏஞ்சல் பழகிய தொட்டியில் புதிதாக வரும் சிறு மீன் இரையாகவோ எல்லைக்குள் நுழைந்த அந்நியனாகவோதான் அதன் கண்ணுக்குத் தெரியும். பின்னாளில் புதிய மீனைச் சேர்க்க நேர்ந்தால், மரத்துண்டுகளையும் செடிகளையும் இடம்மாற்றி வைத்து, விளக்கை அணைத்த பிறகு விடுவது உதவும்.

ஒவ்வொரு புதிய மீனையும் தனித் தொட்டியில் நான்கு வாரங்கள் வைத்துக் கண்காணித்த பிறகே சேருங்கள். வெண்புள்ளி நோய் ஒரே ஒரு மீன் வழியாக வந்து தொட்டி முழுவதும் பரவக்கூடியது.

படி 9: சேர்த்த பிறகு கவனியுங்கள்

தீனி போடும் நேரமே கவனிப்பதற்கு ஏற்ற நேரம். ஏஞ்சல் முந்திக்கொண்டு தின்னும் என்பதால், கோரிடோராஸுக்கு மூழ்கும் வில்லைகளை விளக்கணைத்த பின் தனியாகப் போட வேண்டும். ஒரு மீன் மட்டும் மூலையிலேயே நிற்பது, துடுப்புகளை ஒடுக்கிக்கொள்வது, துடுப்பின் ஓரம் கிழிந்திருப்பது, தீனிக்கு வராமல் இருப்பது ஆகியவற்றில் ஏதேனும் தொடர்ந்து தெரிந்தால் காத்திருக்காமல் அந்த மீனைப் பிரித்துவிடுங்கள். ஏஞ்சல்கள் அவ்வப்போது துடுப்பை விரித்து ஒன்றையொன்று எதிர்கொள்வது இயல்பு. வாயோடு வாய் கவ்வி இழுப்பது அடிக்கடி நடந்தால் அதைக் கவனிக்க வேண்டும்.

ஏறத்தாழ 8 முதல் 12 மாத வயதில் இரண்டு ஏஞ்சல்கள் இணைசேர்ந்து, ஓர் அகன்ற இலையையோ வடிகட்டியின் குழாயையோ வாயால் துடைத்துத் தூய்மைப்படுத்தத் தொடங்கினால், விரைவில் முட்டையிடப் போகின்றன என்று பொருள். அதுவரை எவ்வளவு அமைதியாக இருந்த ஜோடியும் இப்போது மற்ற மீன்களை விரட்டும். முட்டைகள் இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். அடுத்த ஐந்து நாள் அளவில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அத்தனை நாளும் பெற்றோர் காவல் காக்கும். தொட்டி நீளமாக இருந்தால் டெட்ராக்கள் மறுமுனைக்கு ஒதுங்கிக்கொள்ளும். அப்படி ஒதுங்க இடமில்லாமல் அவை ஒரே மூலையில் குவிந்து நின்றால், முட்டை ஒட்டியிருக்கும் இலையோடு ஜோடியை 80 லிட்டர் அளவுள்ள தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். மற்ற மீன்களை அவை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.