குளிர்காலத்தில் பெரிய ஆமையை வெளியில் வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முப்பது, நாற்பது கிலோ எடைக்கு வளர்ந்துவிட்ட நில ஆமையைப் பார்க்கும்போது, இதைக் குளிர் என்ன செய்துவிடப் போகிறது என்று தோன்றுவது இயல்பு. தடித்த ஓடும், வேலியைச் சாய்த்துவிடும் வலுவும் கொண்ட பிராணி அது. குளிர்காலத்தில் அதை வெளியில் வைத்து வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் பலவும் இந்த நம்பிக்கையிலிருந்தே கிளைக்கின்றன. ஆமை குளிரில் நடுங்குவதில்லை, கத்துவதில்லை, வாசலில் வந்து நின்று உள்ளே விடச் சொல்வதுமில்லை. உடல் குளிரக் குளிர அதன் அசைவுகள் குறைந்து, ஏதோ ஒரு மூலையில் தலையை உள்ளிழுத்துக்கொண்டு கிடக்கும். பார்ப்பவருக்கு அது நிம்மதியாக ஓய்வெடுப்பதாகவே தெரியும். பெரிய உடல் தன் குளிர்ச்சியை நெடுநேரம் மறைத்து வைக்கும். அது வெளியே தெரியவரும் வேளையில் நோய் முற்றியிருக்கவும் கூடும். இதை மனத்தில் இருத்திக்கொண்டால், கீழே சொல்லப்படுபவை ஏன் தவறுகள் என்பது எளிதில் விளங்கும்.

எல்லா ஆமைகளும் குளிர்காலத்தில் உறங்கிவிடும் என்று எண்ணுவது

இதுவே மிகவும் ஆபத்தான தவறு. மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த ஹெர்மன் ஆமையும், மத்திய ஆசியாவின் ஹார்ஸ்ஃபீல்ட் ஆமையும் குளிர்கால உறக்கத்துக்குப் போகும் இனங்கள். இலையுதிர் காலத்திலேயே உணவைக் குறைத்து, குடலைக் காலிசெய்து, சுமார் 5 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் மாதக்கணக்கில் அசையாமல் இருக்க அவற்றின் உடல் பழகியிருக்கிறது. ஆனால் அவை சிறிய ஆமைகள். பெரிய உருவத்துக்கு வளரும் சல்காட்டா, சிறுத்தை ஆமை, அல்டாப்ரா ராட்சத ஆமை, கலபகோஸ் ஆமை ஆகிய எவையும் அப்படி உறங்குவதில்லை. அவற்றின் உடலில் அதற்கான ஏற்பாடு இல்லை. எனவே குளிரில் அசையாமல் கிடக்கும் சல்காட்டா உறங்கவில்லை. அதன் உடல் இயங்க முடியாமல் நின்றுபோயிருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆமை தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உயிரினம் அல்ல, சூழலிலிருந்துதான் பெற்றுக்கொள்கிறது. அது தின்னும் புல்லில் உள்ள நார்ச்சத்தைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்கின்றன. அந்த வேலை ஒழுங்காக நடக்க உடலுக்குள் நல்ல சூடு வேண்டும். சூடு இறங்கினால் செரிமானம் மந்தமாகி, தின்ற உணவு குடலிலேயே தங்கிவிடுகிறது. நோய் எதிர்ப்பாற்றலும் அதே வேளையில் தளர்ந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. ஆமையின் நுரையீரல்கள் மேலோட்டுக்கு அடியிலேயே அமைந்திருக்கின்றன. நமக்கு இருப்பதுபோல் உதரவிதானம் அதற்குக் கிடையாது. சளி சேர்ந்தால் இருமி வெளியேற்ற அதனால் இயலாது. நுரையீரல் தொற்று குளிர்கால ஆமைகளை இவ்வளவு எளிதாகப் பற்றுவதற்கும், பற்றினால் விடாமல் இருப்பதற்கும் இவையே காரணங்கள்.

பள்ளம் தோண்டிக்கொள்ளும் என்று விட்டுவிடுவது

சல்காட்டா சகாரா பாலைவனத்தின் தென் விளிம்பில் உள்ள சாகேல் பகுதியைச் சேர்ந்தது. அங்கே அது பல மீட்டர் நீளத்துக்கு வளை தோண்டுவது வெயிலிலிருந்தும் வறட்சியிலிருந்தும் தப்பிப்பதற்காக. அங்குள்ள மண்ணின் ஆழம் குளிர்காலத்திலும் வெதுவெதுப்பாகவே இருக்கும். சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை அந்த இடத்தின் ஆண்டுச் சராசரிக்கு நெருக்கமாக இருப்பதுதான் இதற்குக் காரணம். உறைபனி விழும் இடமொன்றின் ஆண்டுச் சராசரி 12 டிகிரி என்றால், எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் ஆமைக்குக் கிடைப்பது ஏறத்தாழ அந்த 12 டிகிரிதான். உறைந்து சாகாமல் இருக்க அது போதலாம். நலமாக இருக்கப் போதாது. இதோடு, மழைநீர் இறங்கினால் வளை நிரம்பிவிடும், ஈரமண் சரியலாம், உள்ளே போன ஆமையை நம்மால் எட்டவும் முடியாது. குளிர்காலம் தொடங்குவதற்கு முன்பே, ஆமை வெளியில் இருக்கும் நேரம் பார்த்து வளையின் வாயைக் கெட்டியாக அடைத்துவிட்டு, கொட்டிலில் படுக்கப் பழக்குவதே சரி.

இயற்கையில் யார் ஹீட்டர் வைக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். அதன் இயற்கை இருப்பிடத்தின் குளிர்காலம் வேறு. நாம் அதை வைத்திருக்கும் இடத்தின் குளிர்காலம் வேறு. போன ஆண்டு தாங்கியதே என்ற வாதமும் நிற்காது. ஒரு குளிர்காலம் முழுவதும் செரிமானம் தடைபட்டு, எதிர்ப்பாற்றல் குறைந்து கழித்த உடல், அடுத்த குளிர்காலத்துக்குள் அந்த நலிவோடுதான் நுழைகிறது.

ஓட்டின் சூட்டை உடலின் சூடாக எடுத்துக்கொள்வது

பெரிய உடல் மெதுவாகக் குளிரும் என்பது உண்மை. ஆனால் அதே உடல் மெதுவாகத்தான் சூடாகவும் செய்யும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குளிர்கால நண்பகலில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற ஆமையின் மேலோட்டில் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டினால் 35 டிகிரி என்றுகூடக் காட்டலாம். அது ஓட்டின் மேற்பரப்பின் கணக்கு மட்டுமே. அதே கருவியைப் பின்னங்காலும் ஓடும் சேரும் தோல் மடிப்புக்குள் காட்டிப் பாருங்கள். எண் வெகுவாகக் குறைந்திருக்கும். உடலின் உண்மை நிலைக்கு அந்த மடிப்பே நெருக்கமானது. கருவி இல்லாதவர்கள் காலையில் கொட்டிலைத் திறந்தவுடன் அந்த மடிப்புக்குள் விரல்களை வைத்துப் பார்க்கலாம். சில்லென்று இருந்தால் இரவு வெப்பம் போதவில்லை என்று பொருள். அன்றைய வெயில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் குறை முழுதாக ஈடாகாது.

மாலை நேரத்தில் நேரும் விபத்துக்கும் இதுவே அடிப்படை. பதினொரு மணி வெயிலில் உற்சாகமாக வெளியே வரும் ஆமை தோட்டத்தின் கடைசி வரை போய் மேய்கிறது. மூன்று மணிக்கு மேகம் மூடுகிறது. காற்று குளிர்ந்ததும் தசைகள் தளர, நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. தானாக வந்துவிடும் என்று காத்திருப்பவர் இருட்டிய பிறகு தேடினால், புதர் ஓரத்தில் பனியில் நனைந்தபடி கிடக்கும். ஆமை தினமும் ஒரே நேரத்தில் கொட்டிலுக்குள் போக வேண்டும். வெயில் இறங்குவதற்கு முன்பே அது உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்து, கதவை மூட வேண்டும். பழக்கம் வரும்வரை சில வாரங்கள் நாமே நகர்த்திவிட வேண்டியிருக்கும். அதற்குச் சக்கரம் பொருத்திய தட்டையான பலகை ஒன்று இருந்தால் ஆமைக்கும் நல்லது, நம் முதுகுக்கும் நல்லது.

கொட்டிலும் ஹீட்டரும்

கொட்டில் விசாலமாக இருப்பதே வசதி என்று நினைத்து, ஆள் நிற்கும் உயரத்துக்குத் தகரக் கூரை போட்டுக் கட்டிவிடுகிறார்கள். சூடான காற்று மேலே ஏறிக் கூரையடியில் தங்கிவிட, ஆமை படுத்திருக்கும் தரை குளிர்ந்தே இருக்கும். இரவில் தங்குவதற்கான இடம் தாழ்வாகவும், ஆமை திரும்பிப் படுக்கும் அளவுக்கு மட்டும் அகலமாகவும் இருந்தால் போதும். சுவர், கூரை, கதவு ஆகியவற்றோடு தரைக்கும் வெப்பக்காப்பு வேண்டும். வெறும் சிமெண்ட் தரை இரவெல்லாம் ஆமையின் அடியோட்டிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டிருக்கும். தெர்மாகோல் போன்ற காப்புப் பலகைகளை வெளியே தெரியும்படி விடக்கூடாது. ஆமை அவற்றைக் கடித்துத் தின்னும், குடல் அடைத்துக்கொள்ளும். இருபுறமும் கெட்டியான ப்ளைவுட் போட்டு மூடிவிட வேண்டும். வாசலில் கனமான பிளாஸ்டிக் பட்டைகளைத் தொங்கவிட்டால் பகலில் ஆமை போய்வரலாம், சூடும் வெளியேறாது.

சூட்டுக்காக உயரத்தில் ஒரு வெப்ப பல்பைத் தொங்கவிடுவது சிறிய ஆமைக்கு ஒருவாறு பயன்படலாம். பெரிய ஆமைக்கு அது தீங்கு. ஓட்டின் உச்சிதான் பல்புக்கு மிக அருகில் இருக்கிறது. அந்த ஓர் இடம் மட்டும் சுட, உடலின் அடிப்பகுதி குளிர்ந்தே இருப்பதால், ஆமை விலகிப் போகாமல் பல்புக்கு அடியிலேயே மணிக்கணக்கில் நிற்கும். ஓட்டின் மேல் அடுக்கும் அதற்குக் கீழே உள்ள எலும்பும் மெல்ல மெல்ல வெந்துபோகும். இந்தப் புண் ஆற மாதங்கள் ஆகும், சிலவற்றில் ஆண்டுகளும் ஆகும். செராமிக் ஹீட்டருக்கும் இதே குறை உண்டு. உடல் முழுவதும் சீராகச் சூடுபெற, கொட்டிலின் காற்றையே சூடாக்கும் எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் ஒன்றைத் தடுப்புக்குப் பின்னால் வைப்பது, அல்லது கூரையில் அகலமான வெப்பப் பலகையும் தரையில் கால்நடைகளுக்கான சூடேற்றும் விரிப்பும் பொருத்துவது நல்லது. எதை வைத்தாலும், குறித்த வெப்பநிலைக்கு ஏற்ப ஹீட்டரைத் தானாகவே ஓடவிட்டு நிறுத்தும் தெர்மோஸ்டாட் வழியாகவே இணைக்க வேண்டும். சல்காட்டா போன்ற இனங்களுக்கு 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இரவு முழுவதும் இருப்பது பாதுகாப்பானது. தெர்மோஸ்டாட்டின் உணரியை ஹீட்டருக்கு அருகிலோ கூரையடியிலோ வைத்துவிட்டு எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைவதில் பயனில்லை; அது ஆமையின் உடல் உயரத்தில், ஆமை இடித்துத் தள்ள முடியாதபடி இருக்க வேண்டும்.

கரி, மண்ணெண்ணெய், எரிவாயு என எரியும் எதையும் மூடிய கொட்டிலுக்குள் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு ஆமையையும் கொல்லும், கதவைத் திறந்து உள்ளே குனிபவரையும் கொல்லும். வைக்கோலுக்கு மேல் தொங்கும் பல்பு தீவிபத்துக்கு நேர்வழி. மின்கம்பிகள் ஆமையின் வாய்க்கும் தோளுக்கும் எட்டாத உயரத்தில், குழாய்க்குள் செல்ல வேண்டும்.

மின்சாரம் போகும் இரவுக்கு என்ன ஏற்பாடு என்பதைப் பலர் அந்த இரவில்தான் யோசிக்கிறார்கள். கொட்டிலின் வெப்பநிலை இறங்கினால் வீட்டுக்குள் ஒலி எழுப்பும் கருவி வேண்டும். இரவின் மிகக் குறைந்த அளவைப் பதிந்து வைக்கும் வெப்பமானியும் வேண்டும். ஒரு ஹீட்டர் பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும்படி இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருப்பது இன்னும் நல்லது. எதுவும் இயலாவிட்டால் ஆமையைத் தூக்கி வரும் அறை எது, அதன் வாசல் வழியாக ஆமை நுழையுமா என்பதை முன்பே அளந்து பார்த்துவிடுங்கள்.

ஈரமும் வறட்சியும்

குளிரும் ஈரமும் சேர்வதே ஆமைக்கு மிகக் கொடியது. சிறுநீரில் நனைந்த படுக்கையை மாற்றாமல் விடுவதும், மழை பெய்யும் குளிர்ந்த நாளில் மேயவிடுவதும் நுரையீரல் தொற்றை அழைப்பதற்குச் சமம். ஆனால் அதற்கு அஞ்சித் தண்ணீரையே நிறுத்திவிடுவது வேறொரு தவறு. ஹீட்டர் ஓடும் கொட்டிலின் காற்று உலர்ந்துபோகும். ஆமை நீர் குறைந்து, சிறுநீர்ப்பையில் யூரேட் எனப்படும் கழிவு உப்பு கட்டிகளாக இறுகி, அறுவை சிகிச்சை வரை போகலாம். காலை வேளையில், சூடான இடத்தில், வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் நிற்கவைத்து, நன்றாகத் துடைத்து உலர்ந்த பிறகே வெளியே விட வேண்டும். மாலையில் குளிப்பாட்டக் கூடாது.

உணவும் காலையிலேயே தரப்பட வேண்டும். அதைச் செரிக்கும் அளவுக்கு அன்றைக்கு உடல் சூடாகும் என்ற உறுதி இருக்கும் நாளில் மட்டும். பச்சைப்புல் கிடைக்காத நாள்களில் தரமான உலர்புல் போதும். மெலிந்துவிடுமே என்று பழங்களை அள்ளிப் போட்டால், மந்தமாகிக் கிடக்கும் குடல் மேலும் கெடும். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் ஆமைக்கு வேண்டிய புற ஊதாக் கதிர் வருவதில்லை. வெகுநாள் உள்ளேயே இருக்க நேர்ந்தால் அதற்கென்று உள்ள விளக்கு தேவை.

அறிகுறிகளைத் தள்ளிப்போடுவது

மூக்குத் துளைகளில் ஈரம், மூச்சுவிடும்போது சிறு குமிழ், அந்த ஈரத்தில் ஒட்டிக் காய்ந்திருக்கும் புல்துகள், கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சுவிடுதல், கண் வீக்கம், இரண்டு மூன்று நாள்களாக உணவைத் தொடாமை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை செய்து பழகிய கால்நடை மருத்துவரைக் குளிர்காலம் தொடங்கும் முன்பே தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

குளிரில் விறைத்துக் கிடக்கும் ஆமையைக் கண்டவுடன் பதறிப்போய்க் கொதிநீரிலோ, ஹீட்டரை ஒட்டியோ வைத்துவிட வேண்டாம். மேல்தோல் வெந்துபோகும், உள்ளே குளிர் அப்படியே இருக்கும். சுமார் 25 டிகிரி உள்ள அறையில் கிடத்தி, பல மணி நேரம் எடுத்து மெதுவாகச் சூடு ஏறவிட வேண்டும். அது தலையைத் தூக்கித் தானே நடமாடும் வரை உணவு கொடுக்கக் கூடாது. தெளிந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். நுரையீரல் தொற்று சில நாள்கள் கழித்தும் தலைகாட்டும்.

கடைசியாக, குளிர்காலத்தின் பின்பகுதியில் பகல்கள் இதமாகத் தொடங்கியதும் ஹீட்டரை எடுத்து வைத்துவிடும் வழக்கம் உண்டு. பகல் 25 டிகிரியைத் தொடும் அந்த வாரங்களிலேயே இரவு 8 டிகிரிக்கு இறங்கக்கூடும். ஹீட்டரை எந்த நாளில் நிறுத்துவது என்று நாம் முடிவுசெய்ய வேண்டிய தேவையே இல்லை. இரவுகள் வெதுவெதுப்பானதும் தெர்மோஸ்டாட் அதைத் தானாகவே ஓடவிடாது. இணைப்பை மட்டும் அப்படியே விட்டுவைத்தால் போதும்.